அரைப்பேர்

மானெலித் தோட்டம், கீழ்க்கணக்கு.
பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின்
கூட்டப் புத்தகம் என் மடியில்.
பதினோராம் ஆண்டு வரை போனவள் என்று
கைதூக்கி என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.
கூட்டம் என்றால் மலைக்குப் போக முடியாது.
மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் கிடையாது.

வலயத்திலிருந்து வந்தவர்
வேனை மேல்ரோட்டில் நிறுத்திவிட்டு
நூற்றுப் பன்னிரண்டு படி இறங்கி வந்தார்.
மூச்சுவாங்க நின்றவர் முதலில் சொன்ன சொல்
மறுசீரமைப்பு.
பெரிய றகரமா சார் என்று கேட்டேன்.
முதலில் பெரியது, அடுத்தது சின்னது என்றார்,
பொறுமையாகத்தான்.
கெட்ட மனிதர் இல்லை.
பிளேன்டீக்குச் சீனி போதுமா என்றதற்கு
போதும் என்று பொய் சொன்னார்.

ஐம்பதுக்குக் குறைந்த பள்ளிக்கூடங்களை
டவுன் பள்ளிக்கூடத்தோடு சேர்ப்பதாம்.
அங்கே ஆய்வுகூடம் இருக்கிறது,
கணிதத்துக்கு மட்டும் இரண்டு பேர்.
இங்கே பிள்ளைகள் நாற்பத்தேழு.
மூன்று குறைகிறது, என்றார்.

இந்தக் கணக்கு எங்களுக்குப் பழக்கம்.
மடுவத்துத் தராசில்
பதினெட்டுக்கு மூன்று கிலோ குறைந்தால்
அரைப்பேர்.
கொழுந்தில்லாத மலைக்கு
இவளை அனுப்பியது யார் என்று
எந்தத் தராசும் கேட்டதில்லை.

முன்வரிசையில் இரண்டு சங்கத்துத் தலைவர்களும்.
ஒருவர் எழுந்தார்:
எங்கள் மக்களின் பள்ளிக்கூடத்தில் கைவைத்தால்
மலையே கொதிக்கும்.
மற்றவர் எழுந்தார்:
காலத்துக்கேற்ற மாற்றம், நாம் வரவேற்க வேண்டும்.
போன ஆட்சியிலும் இந்த யோசனை வந்தது.
அப்போது கொதித்தவர் வரவேற்றவர்,
வரவேற்றவர் கொதித்தவர்.
பக்கம் பதினாறில் இருக்கிறது.
என் கையெழுத்து, ஊதா மை.

புவனலோஜினி பின்னாலிருந்து சொன்னாள்:
சேர்க்கட்டும்.
மூன்று வருசமாக என் மகளுக்குக்
கணக்கு டீச்சர் இல்லை.
மூடக்கூடாது என்கிறீர்களே,
திறந்திருக்கிறது என்று யார் சொன்னது?
ஒருவரும் அவளைத் திட்டவில்லை.
அதையும் எழுதினேன்.

செவனம்மா பஸ்ஸைக் கேட்டாள்.
ஏழு நாற்பதுக்கு முதல் பஸ்,
ஏழரைக்கு மணி அடித்துவிடும்,
மழைநாளில் ஓடையைத் தாண்டுவது யார்?
போக்குவரத்து பரிசீலிக்கப்படும்
என்று எழுதுங்கள் என்றார்.
எழுதினேன்.
போன ஆட்சியிலும் எழுதியிருக்கிறேன்.

பிறகு நான் செய்தது
செயலாளர் செய்யக்கூடாத வேலை.
வரவு இடாப்பை வாங்கிச்
சிவப்புக் கோடு விழுந்த பெயர்களை
உரக்க வாசித்தேன்.

பவித்திரன். ஒன்பதாம் ஆண்டு.
கொழும்பில் துணிக்கடை, மூன்றாம் மாடி.
சர்மிலா. எட்டாம் ஆண்டு.
அம்மா குவைத்தில், தம்பி அவள் இடுப்பில்.
குகதாஸ். பத்தாம் ஆண்டு.
கணிதம் பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.
கற்பிக்காத பாடத்துக்கு மூன்று தவணையும்
ஒழுங்காகப் பரீட்சை வைத்திருக்கிறோம்.

குறைகிற மூன்று இதுதான் சார்,
இவர்களுக்குப் பேர் இருக்கிறது என்றேன்.

தகரத்தில் மழை பிடித்தது.
கொஞ்ச நேரம்
யார் பேசியிருந்தாலும் கேட்டிருக்காது,
ஆனால் ஒருவரும் பேசவில்லை.

அந்தப் பகுதியை எடுத்துவிடலாமே,
நிகழ்ச்சி நிரலில் இல்லையே என்றார் மெதுவாக.
பேனாவை மூடிவிட்டேன் சார் என்றேன்.
புத்தகத்தைத் திருப்பி நீட்டினேன்.

முழுக் கையொப்பம் வைக்கவில்லை.
இரண்டெழுத்துச் சுருக்கொப்பம்.
அவருக்கும் அரைப்பேர்தான்.

படியேறும்போது வழுக்குமே என்று
பவித்திரனின் தம்பி
அவருடைய மடிக்கணினிப் பையைத்
தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனான்,
உரச்சாக்கைக் கொங்காணியாகப் போர்த்தி.
அவனை அந்த நாற்பத்தேழில்
எண்ணியிருக்கிறோம்.